வாரத்துக்கு இரண்டு பாடவேளை: வாழ்க்கைத் திறன்களை யாரிடம் ஒப்படைப்பது?

எங்கள் ஊர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியின் அடுத்த ஆண்டுக் கால அட்டவணையில், ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் வழக்கமான பாடங்கள் போக வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளுக்கு மேல் ஒதுக்க இயலாது என்று தலைமையாசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த இரண்டையும் வாழ்க்கைத் திறன்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் பள்ளி மேலாண்மைக் குழுவில் எவருக்கும் மறுப்பு இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றுவிட்டு, இப்போது அந்தக் குழுவில் ஒரு நாற்காலியை நிரப்பிக்கொண்டிருக்கும் எனக்கும் இல்லை. எப்படிக் கற்பிப்பது, அதைவிட முக்கியமாக யாரைக் கொண்டு கற்பிப்பது என்பதில்தான் மூன்று கூட்டங்கள் கழிந்தும் உடன்பாடு ஏற்படவில்லை. அக்கூட்டங்களில் முன்வைக்கப்பட்ட ஐந்து வழிகளையும் நான் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வேறு பள்ளிகளுக்கும் இது பயன்படக்கூடும்.

வாழ்க்கைத் திறன் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்துபோனது. உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பத்துத் திறன்களை வரையறுத்தது: தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், கருத்தைத் தெளிவாகச் சொல்லுதல், உறவுகளைப் பேணுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். பெற்றோர் கொண்டுவந்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது. வங்கியில் சலான் நிரப்பத் தெரிய வேண்டும், மருத்துவரிடம் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும், ஒருவேளைச் சமையலாவது செய்யத் தெரிய வேண்டும், கிணற்றிலோ ஏரியிலோ விழுந்தால் கரையேற நீச்சல் தெரிய வேண்டும். (நீச்சலை எந்தப் பாடவேளையாலும் கற்பிக்க முடியாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன், அது தேவையில்லை என்பது அதன் பொருளன்று.) இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு உலகத்தவை என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நண்பன் கேட்கும்போது 'முடியாது' என்று சொல்லத் தெரியாத பையன்தான் பத்தொன்பது வயதில் அடுத்தவன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். அங்கே தவறிப்போனது முடிவெடுக்கும் திறனா, பணத்தைப் பற்றிய அறிவா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒப்பிடுவதற்கு நான் மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். மாணவர் தம் கையால் செய்து, தவறி, திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா என்பது முதலாவது. உண்மையான இக்கட்டு வரும் நாளில் போய்ச் சொல்வதற்கு ஓர் ஆள் இருப்பாரா என்பது இரண்டாவது. பொதுத்தேர்வு நெருங்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் அந்த ஏற்பாடு உயிரோடு இருக்குமா என்பது மூன்றாவது. செலவு நான்காவதாக வரட்டும் என்று நினைத்தேன். எங்கள் பொருளாளர் அதை முதலாவதாக வைத்தார்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, வகுப்பாசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து அந்தப் பாடவேளைகளை அவர்களிடமே விட்டுவிடுவதாகும். புதிதாக ஒருவருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயரும் வீட்டு நிலையும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நீதிபோதனை வகுப்பு என்று ஒன்று நம் கால அட்டவணைகளில் இருந்ததை இன்றைய பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அட்டவணையில் நீதிபோதனை இருந்தது. வகுப்பறையில் கணக்கு ஆசிரியர் இருந்தார். நானே அந்தப் பாடவேளையை இருப்புநிலைக் குறிப்பை முடிப்பதற்காகப் பலமுறை கடன் வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஓர் ஆசிரியரை அளக்கும்வரை அவர் அப்படித்தான் நடந்துகொள்வார், அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

மதிப்பெண் வைத்துவிட்டால் வகுப்பு ஒழுங்காக நடக்கும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் கொண்டுவந்து 2017இல் கைவிட்ட தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் வாழ்க்கைத் திறன்களுக்கும் தரம் இடப்பட்டது. ஐம்பது பிள்ளைகளின் பரிவுணர்வுக்கு ஓர் ஆசிரியர் ஒரே மாலைக்குள் தரம் போட்டு முடிக்க வேண்டியிருந்தால் அந்தத் தரத்துக்கு என்ன பொருள் இருக்கும் என்பதை ஆசிரியப் பணியில் இருந்த எவரும் ஊகிக்கலாம். இதற்கு எதிர்முனையில், தில்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தேர்வே இல்லாமல், எட்டாம் வகுப்புவரை நாள்தோறும் ஒரு பாடவேளையாக அமைக்கப்பட்டது. அது நாள்தோறும் நடப்பதாக இருந்தது, எட்டாம் வகுப்போடு நின்றது என்ற இரண்டையும் கவனிக்க வேண்டும். எங்களிடம் இருப்பதோ வாரத்துக்கு இரண்டு. அதுவும் பொதுத்தேர்வின் நிழல் விழத் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

இந்த வழியைப் பற்றிய என் ஐயத்தை உறுதிப்படுத்தியது பீகாரில் நடந்த ஓர் ஆய்வு. நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், மாணவர் நலனுக்கான செயல்பாடுகளை நடத்தும் பொறுப்பு அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவில், அதே பொறுப்புக்கு உளவியல் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் தனியே அமர்த்தப்பட்டார். மூன்றாவது பிரிவு ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, தனியே ஆள் அமர்த்தப்பட்ட பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மாணவர்களிடையே மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியரிடம் விடப்பட்ட பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பாடப்பொருள் ஒன்றே, மாறியது ஆள் மட்டுமே. அதிகாரத்தையும் மதிப்பெண்ணையும் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் பயத்தைச் சொல்லாது என்பதுதான் இதற்கு நான் காணும் காரணம். ஆசிரியரின் வேலைப்பளு அதற்கடுத்தது.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து பேச்சாளரையோ பயிற்சி அமைப்பையோ அழைத்து ஆண்டுக்கு மூன்று நான்கு முகாம்கள் நடத்துவது. நிருவாகத்துக்கு இதைப்போல் வசதியானது வேறில்லை: ஒரு நாளில் ஆயிரம் பிள்ளைகள், மறுநாள் செய்தித்தாளில் புகைப்படம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் அத்தகைய முகாமுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். அரங்கின் விளக்குகளை அணைத்து, சோக இசையை ஒலிக்கவிட்டு, பெற்றோர் படும் பாட்டை உருக்கமாகச் சொல்லி, அரை மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அழ வைத்தார் பேச்சாளர். தந்தையை இழந்த ஒரு மாணவியை அதன்பின் தேற்றிக்கொண்டிருந்தவர் சத்துணவு சமைக்கும் அம்மா. உணர்ச்சியைக் கையாளக் கற்பிப்பதற்கும் உணர்ச்சியைக் கிளறிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அன்று எனக்கு நன்றாக விளங்கியது.

அமெரிக்காவில் இந்த முறை மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டுவிட்டது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்னும் திட்டத்தில், சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளை எடுத்துரைத்தார்கள். அது நாடு முழுவதும் பரவியது. பெற்றோர் விரும்பினார்கள், காவல் துறை விரும்பியது. ஆனால் அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் பின்னாளில் போதைப்பொருள் பயன்படுத்தியதில் பெரிய வேறுபாடு இல்லை என்றே அடுத்தடுத்த மதிப்பீடுகள் சொல்லின. இறுதியில் 2009 வாக்கில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்காக முகாம்களை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை ஒரு பொம்மையின் மேல் செய்து காட்டுவதற்கும், எரியும் எண்ணெய்ச் சட்டியை ஈரச் சாக்கால் மூடி அணைப்பதற்கும் தீயணைப்புத் துறையினரையோ 108 ஊர்தியின் பணியாளரையோ அழைத்தால் ஒரு முற்பகல் போதும். கை செய்யும் வேலைக்கு முகாம் பொருந்தும். மனம் செய்யும் வேலைக்குப் பொருந்தாது.

மூன்றாவது வழி, தனிப் பாடவேளையே வேண்டாம், இருக்கிற பாடங்களுக்குள்ளேயே வாழ்க்கைத் திறன்களைக் கலந்துவிடலாம் என்பது. என் பாடத்தோடு நெருங்கியது என்பதால் இதில் எனக்குச் சாய்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டுவட்டிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடம், கடைத்தெருவில் எல்லோரும் சொல்லும் 'மூன்று வட்டி' ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு என்பதைச் சொல்லச் சிலர் திணறுவார்கள். தண்டல் எனப்படும் நாள் தவணைக் கடனைக் கேட்டால் நல்ல மாணவரும் தவறுவார். 10,000 ரூபாய் கடன். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம், ஆகவே ஏறத்தாழ 11 விழுக்காடு என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் நூறு நாளும் இருந்தது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதையும் நூறு நாள் என்ற குறுகிய காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிய நாளில் கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன், தன் அம்மா காய்கறிக் கடைக்கு இப்படித்தான் கடன் வாங்குகிறார் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பின் அந்தப் பாடத்தை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை, அவர்களே நடத்தினார்கள்.

இந்த வழிக்குச் சான்றும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. பிரேசிலில் 2010, 2011 ஆண்டுகளில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 25,000 மாணவர்களை உள்ளடக்கிய சோதனையொன்றில், பணத்தைக் கையாளும் பாடங்களைக் கணக்கு உள்ளிட்ட வழக்கமான பாடங்களுக்குள் கலந்து கற்பித்தார்கள். மாணவர்களின் அறிவு உயர்ந்தது, சேமிப்பும் கூடியது. ஆனால் அதே மாணவர்களில் சிலர் பொருள்களைத் தவணையிலும் கடனிலும் வாங்குவதும் கூடியது. கடனைப் பற்றிக் கற்பித்தால் கடன் வாங்கவும் கற்றுக்கொள்வார்கள் என்பது வியப்புக்குரியதல்ல. எதை வாங்கலாம் என்பதோடு எப்போது விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பணம், மனு எழுதுதல், உணவு, உடல்நலம் ஆகியவற்றுக்கு இந்த வழி மிகப் பொருத்தம். பொதுத்தேர்வுக் காலத்திலும் நிற்காது, ஏனென்றால் பாடமே அதுதான். கோபத்தையும் அவமானத்தையும் காதல் தோல்வியையும் எந்தப் பாடத்துக்குள் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் இதனிடம் விடையில்லை.

நான்காவது வழியைச் சொன்னவர் குழுவின் மூத்த உறுப்பினர். கற்பிக்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள் என்றார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியின் வாடை அவர் பேச்சில் எப்போதும் உண்டு. பள்ளிக்குள் ஒரு எழுதுபொருள் கடையை மாணவர்களே நடத்தட்டும், கொள்முதல் விலை, இருப்பு, பற்று எல்லாவற்றையும் அவர்களே எழுதட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அஞ்சலகத்துக்குத் தாமே போய்க் கணக்குத் தொடங்கட்டும் என்பது அவருடைய திட்டம். பத்து வயது நிரம்பியவர் தம் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தாமே இயக்கலாம் என்பது பல பெற்றோருக்கே தெரிந்திருக்கவில்லை. அதற்கு வேண்டிய 500 ரூபாய் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் கிடைத்துவிடாது என்பதைச் சொன்னபோது, கடையின் ஆதாயத்திலிருந்து கொடுப்போம் என்றார். நாட்டு நலப்பணித் திட்டமும் இந்த வகையைச் சேர்ந்ததே: 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய அத்திட்டத்தின் ஏழு நாள் முகாமில், வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைக்காத பையன்கள் நூறு பேருக்குச் சோறு வடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் சேர்பவர்கள் எப்போதும் முன்வரிசைப் பிள்ளைகள்தாம். பின்வரிசைக்கு அது எட்டுவதில்லை.

இந்த வழியில் ஒரு பெரிய இடர் உண்டு. அதைக் கூட்டத்தில் மென்று விழுங்காமல் சொன்னேன். பிள்ளைகளிடம் வேலை கொடுப்பது என்றால் எந்தப் பிள்ளையிடம் எந்த வேலை என்ற கேள்வி உடனே எழுகிறது. துடைப்பமும் கழிவறையும் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கு, கணக்கேடும் சாவியும் வேறு பிள்ளைகளுக்கு என்று நடந்த பள்ளிகள் நம் மாநிலத்தில் உண்டு. அகர வரிசைப்படி, ஆண் பெண் வேறுபாடின்றி, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுழற்சிப் பட்டியல் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. ஆண் பிள்ளைகள் மாறுவார்களா என்று ஐயப்படுவோருக்கு அரியானாவைச் சொல்லலாம். அங்கே அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களோடு இரண்டரை ஆண்டுகள், சில வாரங்களுக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆண் பெண் சமத்துவம் பற்றி உரையாடினார்கள். பையன்களின் மனப்பான்மையில் மாற்றம் தெரிந்ததோடு, வீட்டு வேலைகளில் முன்னைவிட அதிகம் பங்கெடுப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் முகாமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டரை ஆண்டுதான்.

ஐந்தாவது வழி, நாளந்தாவில் பலன் தந்தது: இதற்கென்றே ஒருவரை அமர்த்துவது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக, இந்தப் பகுதியைச் சேர்ந்த பட்டதாரி ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இரண்டு வகுப்புகளிலும் சேர்த்து 600 பிள்ளைகள் என்பதால் தலைக்கு 300 ரூபாய் ஆகிறது. ஒரு வழிகாட்டி நூலின் விலைதான் அது என்று நான் சொன்னதற்குப் பொருளாளர், அந்த நூலைப் பெற்றோர் வாங்குகிறார்கள், இதைக் கழகம் அல்லவா வாங்க வேண்டும் என்றார். அவர் சொல்வதும் சரியே. முன்னாள் மாணவர் சங்கம் முதல் இரண்டு ஆண்டுகளை ஏற்றுக்கொண்டதால்தான் இந்த வழி விவாதத்திலேயே நிற்கிறது.

பணத்தைவிடக் கவலை தருவது வேறு. தனியாக ஒருவரிடம் பிள்ளைகள் மனம் திறந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அந்தத் தனிமையே அவர்களுக்கு ஊறாகிவிடாமல் காக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. ஆகவே 'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அதை முதல் நாளே பிள்ளைகளுக்கு விளக்கிவிட வேண்டும். அவர் மருத்துவரும் அல்லர். தன் எல்லை எங்கே முடிகிறது, எப்போது 14416 மனநல உதவி எண்ணுக்கும் 1098 சிறார் உதவி எண்ணுக்கும் மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டும் என்பதே அவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் பயிற்சி. இத்தனை இடர்களுக்குப் பிறகும் என் இரண்டாவது அளவுகோலை நிறைவு செய்யும் வழி இது ஒன்றே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தோற்றாலும் அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம், அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம் என்று ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லப் பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நாளில் ஆசிரியர்கள் அனைவரும் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட்டுக்கொண்டிருப்போம்.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைந்தது. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பாடவேளைகளும் அந்தத் தனி ஆளுக்கு. வகுப்பில் பழகிய முகமாக இருந்தால்தான் பிறகு தனியே தேடி வருவார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடவேளை அவருக்கும், மற்றொன்று எழுதுபொருள் கடைக்கும் அஞ்சலகக் கணக்குக்கும். கணக்கு, வணிகவியல், தமிழ் ஆசிரியர்கள் ஆளுக்கு நான்கு பாடங்களை மட்டும் நம் ஊர்க் கணக்குகளாலும் உண்மையான மனுக்களாலும் மாற்றி எழுதித் தர வேண்டும். அதற்குமேல் அவர்களிடம் கேட்கக் கூடாது. முதலுதவிக்கும் தீயணைப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு முற்பகல்கள். பேச்சாளர்கள் வேண்டாம். தனி ஆளுக்குப் பணம் திரட்ட முடியாத பள்ளிகள், வகுப்பாசிரியரிடம் பாடவேளையை ஒப்படைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பதைவிட, சுழற்சிப் பட்டியலோடு ஒரு சிறு கடையைத் தொடங்குவது மேல் என்பேன்.

குழு இதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆளுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு அடுத்த அறை காலியாக இருக்கிறது. அங்கே உட்காரவைத்தால் ஒரு பிள்ளையும் வராது. மாடியில் உள்ள பழைய ஆய்வகம் யார் கண்ணிலும் படாது, அதனாலேயே கூடாது. நூலகத்தின் சன்னலோரத்தில், எல்லோரும் பார்க்கலாம், ஆனால் பேசுவது கேட்காது என்ற தொலைவில் ஒரு மேசை போடலாம் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை நாங்கள் நாலு பேர் போய், அங்கே பேசினால் வாசல்வரை கேட்கிறதா என்று பார்க்கப்போகிறோம்.